துவக்குப் பிடி உடைக்காத பற்கள்

என் அன்பான அப்பாவுக்கு,

என் வாயிலிருந்து நீங்கள் பிடுங்கிய இரண்டு பற்களும் நல்ல பற்கள். அவற்றைப் பிடுங்கியிருக்கவே கூடாது.

இதைச் சொல்லாமல் வேறு எதையும் உங்களுக்கு எழுத வராது என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். நீங்கள் போய் இரண்டு வருடம். தினமும் காலையில் உங்கள் படத்தின் முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். போன மாதத்திலிருந்து நிற்பதில்லை. அம்மா கவனித்தார். ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேட்காமல் விடுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது எனக்குத் தெரியும்.

உங்களுக்குக் கோபம் வரலாம். ஊர் வாசிக்கிற மாதிரி இதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். ஊருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது, அப்பா. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுக்கமான தெருவில் உள்ள பிள்ளைகளுக்குப் பல் ஆடினால் உங்களிடம்தான் கூட்டி வருவார்கள். துறைமுகப் பக்கத்தில் படகு இஞ்சின் திருத்துகிற கொட்டிலிலிருந்து நீங்கள் வரும்வரை வாசலில் காத்திருப்பார்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, தங்கூசியில் ஒரு துண்டு வெட்டுவீர்கள். மீன் பிடிக்கிற அந்த நைலோன் நூல் எப்போதும் உங்கள் சட்டைப் பையில் கிடக்கும். பல்லில் ஒரு முடிச்சு. பிறகு ஒரு கேள்வி.

“உங்கட டீச்சர் வடிவோ, கொம்மா வடிவோ?”

யார் அழகு என்று பிள்ளை யோசிக்கும். யோசித்து முடிப்பதற்குள் பல் நூலில் தொங்கும். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள், பிள்ளையும் அழுதுகொண்டே சிரிக்கும். பல்லைக் கூரைமேல் எறியச் சொல்லிவிட்டு, “போ, கிழமைக்குள்ள புதுசு வரும்” என்பீர்கள். வந்தது. எல்லாருக்கும் வந்தது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பெரியபிள்ளையாகிவிட்டேன். பள்ளிக்கூட விடுமுறை பார்த்துச் சாமத்திய வீட்டை நான்கு மாதம் தள்ளி வைத்திருந்தீர்கள். மேல்வாயில் நடுப்பற்கள் இரண்டும் பெரிதாக, வயதுக்கேற்ற மாதிரி இருந்தன. அவற்றுக்கு இரு பக்கத்திலும் குறுணி அரிசி போல இரண்டு பால்பற்கள். அதைக் கண்டுபிடித்தவர் பெரியம்மாதான். அம்மாவின் அக்காவான அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் எங்கள் முகங்களைத்தான் பரிசோதிப்பார்.

“என்னடி இது, இன்னும் பால்பல்லோ? சேலை கட்டி நிண்டு வாயைத் துறந்தா நேர்சரிப் பிள்ளை மாதிரியெல்லோ கிடக்கும். வீடியோ, அல்பம் எல்லாத்திலயும் விழும். இப்ப புடுங்கினா அதுக்கிடையில பெரிய பல்லு வந்திடும்.”

நீங்கள் உடனே ஓம் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். நெருப்புக்குச்சியால் காதைக் குடைந்துகொண்டிருந்தீர்கள். மூன்று நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, விரலால் ஆட்டிக்கொண்டே இரு என்றீர்கள். ஆட்டினேன். படிக்கும்போது, பஸ்ஸில், கோயிலில் எல்லாம் ஆட்டினேன். அவை ஆட விரும்பாத பற்கள். ஒன்று கொஞ்சம் இளகியது. மற்றது இளகவே இல்லை.

முதல் பல்லுக்கு நூலைக் கட்டிவிட்டு என்னிடம் கேட்டீர்கள். “சொல்லு பிள்ளை, அப்பா நல்லவனோ, கெட்டவனோ?” “நல்ல...” என்று தொடங்கினேன். வேரோடு போயிற்று. இரண்டாவது பல்லுக்கு நீங்கள் கேள்வியே கேட்கவில்லை. அது வர மறுத்தது. மூன்று தரம் இழுத்தீர்கள். சட்டையெல்லாம் இரத்தம். அம்மா குசினி அடுப்படிக்குப் போய்விட்டார்.

பெரிய பல் வரவில்லை.

அல்பத்தைத் திறந்து பார்த்தால் சிவப்புச் சேலையில், நகையில், மாலையில் எங்கும் நான் இருக்கிறேன். ஒரு படத்தில்கூட வாய் திறந்திருக்காது. படக்காரர் “சிரியுங்கோ தங்கச்சி, கொஞ்சம் சிரியுங்கோ” என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனார். சிரிப்புக்காகப் பிடுங்கிய பல் சிரிப்பையும் சேர்த்துக்கொண்டு போன கதை அது.

வரும், வரும் என்றார்கள். பதினைந்து வயதிலும் வரும் என்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பல் பரிசோதிக்க வந்தவர்கள் சூத்தைப்பல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லாத பல்லைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வகுப்பில் எனக்கு ‘கேற்’ என்று பெயர். நான் வாயைத் திறந்தால், “கேற்றைச் சாத்தடி, மாடு உள்ளுக்கு வரப்போகுது” என்பார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்து அழுதேன். அப்போதுதான் நீங்கள் உங்கள் வாயிலிருந்து ஒரு தட்டைக் கழற்றிக் காட்டினீர்கள். ரோஸ் நிறத் தட்டு, அதில் இரண்டு பொய்ப்பற்கள்.

“அப்பாவுக்கும் இல்லைத்தானே? சோதனைச் சாவடியில துவக்குப் பிடியால ஒரு அடி. ரெண்டு பல்லும் கையில வந்திட்டுது. நான் அழேல்ல. நீயும் அழாதை.”

அடுத்த நாள் வகுப்பில் போய்ச் சொன்னேன். என் அப்பாவின் பல்லை ஆமி உடைத்தது என்று சொன்ன பிறகு ஒரு கிழமை யாரும் என்னைக் கேற் என்று கூப்பிடவில்லை. அந்தக் கதையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? கட்டுரைப் போட்டியில் எழுதினேன், பரிசும் வந்தது. முகம் தெரியாத அந்த ஒருவனை அத்தனை வருடமும் வெறுத்தேன். துறைமுக வீதியில் இராணுவச் சீருடை கண்டால் என் நாக்கு தானாகப் போய் என் வாயிலுள்ள இடைவெளியைத் தடவும்.

படித்து முடித்துக் கடற்கரைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் வேலைக்குப் போனது உங்களுக்குத் தெரியும். வரவேற்பு மேசைக்கு விண்ணப்பித்ததும் தெரியும். முகாமையாளர் என்ன சொன்னார் என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை. “முன்னுக்கு நிக்கிறவைக்கு இங்கிலீசோட சிரிப்பும் வேணும், மிஸ்.” என்னைப் படுக்கை விரிப்புகள் கழுவுகிற பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே நன்றாகச் சிரிக்கலாம். விரிப்புகள் ஒன்றும் சொல்லாது. எனக்கும் ஒரு தட்டுச் செய்து போட்டோமே, அது சோற்றோடு கழன்று வரும். இப்போதும் சாப்பிடும்போது கையால் வாயை மறைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

இதுவரை பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்தது. இனி நீங்கள் போன பிறகு நடந்தது.

உங்கள் சின்ன மகள் அபிக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது. நீங்கள் போகும்போது உங்கள் காலைச் சுற்றிக்கொண்டு திரிந்தவள், இப்போது என் தோள் உயரம். வாய் மட்டும் என்னைவிட இரண்டு மடங்கு. அவளும் பெரியபிள்ளையாகிவிட்டாள். அடுத்த மாதம் சாமத்திய வீடு. நடுப்பற்களுக்கு இரு பக்கமும் அவளுக்கும் அதே குறுணி அரிசி.

பெரியம்மா வந்து அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அதே வசனம். சேலை, வீடியோ, அல்பம், இப்ப புடுங்கினா. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார், அப்பா! பத்து வருடமாக என் வாயைப் பார்த்தவர்.

“எனக்கும் இப்பிடித்தானே சொன்னனீங்கள், பெரியம்மா?”

“உனக்கு உன்ர ராசி, பிள்ளை. எல்லாருக்கும் அப்பிடியே நடக்கும்?”

அபியை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஒரு நாள் வரிசையில் நின்றோம். இரண்டு தாடையும் ஒரே படத்தில் விழுகிற எக்ஸ்ரே வேண்டும் என்றார்கள். அதை எடுக்க வேறு இடம், வேறு நாள். இரண்டு நாள் லீவு எடுத்ததற்கு மேற்பார்வையாளர் முகத்தைச் சுளித்தார். பல்லுக்கு லீவா என்று கேட்டார். கை முறிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

பல் டொக்டர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்த ஒரு பெண். படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்குக் காட்டினார். கடைவாய்க்குப் பின்னால் எலும்புக்குள், இன்னும் ஐந்தாறு வருடம் கழித்து வரப்போகிற பற்கள்கூட வெள்ளை வெள்ளையாகக் காத்திருந்தன. அபியின் அந்தப் பால்பற்களுக்கு மேலே மட்டும் ஒன்றுமில்லை. சாம்பல் நிற எலும்பு.

“சில பேருக்குப் பிறக்கேக்கயே சில பல்லு உருவாகிறேல்ல” என்றார். “இது சாபமும் இல்லை, ஆரும் செய்த பிழையும் இல்லை. நீங்கள் நினைக்கிறதைவிடக் கன பேருக்கு இருக்கு.”

“புடுங்கினா?”

“புடுங்கினா ஓட்டை. அவ்வளவுதான். இவவுக்கு இருக்கிற பல்லு இதுதான். வேர் நல்லாயிருக்கு. எத்தினை வருஷம் நிக்குமெண்டு சொல்ல ஏலாது. ஆனா நிக்கிற மட்டும் அந்த எலும்பைக் காப்பாத்தித் தரும். கம்பி போட்டு இடத்தைச் சரிசெய்யிறதோ, வளர்த்தி முடிஞ்சாப் பிறகு பல்லுப் பொருத்துறதோ, அதை ஆறுதலா யோசிக்கலாம். ஒரு அல்பத்துக்காக இதில கை வைக்கக் கூடாது.”

பிறகு வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று கேட்டார். தட்டைக் கழற்றிக்கொண்டு வாயைத் திறந்தேன். பல்லில்லாத இடத்து முரசை, வெறும் ஈறை, விரலால் அழுத்திப் பார்த்தார்.

“எலும்பு நல்லா மெலிஞ்சு போச்சு. எத்தினை வயதில விழுந்தது?”

“விழேல்ல. அப்பா எடுத்தவர். பதின்மூண்டு வயதில.”

கையுறையைக் கழற்றினார். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இப்படி இருந்ததா என்று கேட்டார். இது பெரும்பாலும் குடும்பத்தில் வருவதாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இல்லை டொக்டர், அப்பாவின் பற்கள் துவக்குப் பிடியால் அடித்து உடைக்கப்பட்டவை என்றேன். எனக்குப் பழக்கமான பெருமை. என் குரல் கொஞ்சம் உயர்ந்துகூட இருக்கும்.

“எந்தப் பல்லு?”

தொட்டுக் காட்டினேன். இதுவும், இதுவும்.

“நடுப்பல்லு ரெண்டும்?”

“அது இருந்தது.”

“ரெண்டு பக்கமும் உடைஞ்சு, நடுவில உள்ளது ரெண்டும் தப்பிட்டுதோ?”

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். அபி கதிரையிலிருந்து சொன்னாள்: “அக்கா, அந்தத் துவக்குக்குக் கண் இருந்திருக்கும்.”

நான் அவளுக்கு ஒரு அடி போட்டேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது என் நாக்கு அந்த இடைவெளியைத் தடவிக்கொண்டே வந்தது. ஒரு பக்கம். நடுவில் பற்கள். மறு பக்கம். இருபத்துமூன்று வயதுவரை இது எனக்கு ஏன் தோன்றவில்லை? உங்களைச் சந்தேகிக்க எனக்குத் தெரியாது, அப்பா. அதுதான் ஏன்.

அடுத்த ஞாயிறு இலங்கைத்துறைக்குப் போனேன். மூதூர் பஸ், அங்கிருந்து ஈச்சிலம்பற்றுப் பக்கம் போகிற பஸ், பிறகு வெயிலில் நடை. உங்கள் அக்கா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “என்னடி மருமகள், செத்த வீட்டுக்குப் பிறகு இப்பதான் வழி தெரிஞ்சதோ?” என்றார். நான் சுற்றி வளைக்கவில்லை.

“மாமி, அப்பான்ர பல்லை ஆமி உடைச்சதோ?”

கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, நான் எதிர்பாராத மாதிரி, வாயைத் திறந்து உதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். இடது பக்கம் நடுப்பல்லுக்கு அடுத்து ஒரு இடைவெளி.

“எனக்கு ஒரு பக்கம். அவனுக்கு ரெண்டு பக்கமும். எங்களுக்கு முளைக்கவேயில்லை பிள்ளை. எனக்குச் சின்னனிலயே பால்பல்லு விழுந்திட்டுது. அவனுக்கு விழேல்ல. இருபத்தஞ்சு இருபத்தாறு வயது மட்டும் நிண்டது. கலியாணப் பேச்சு வாற நேரம் பாத்து ஒண்டுக்குப் பின்னால ஒண்டு போச்சு.”

“அப்ப சாவடியில அடிச்சதெண்டது?”

“அடிச்சது உண்மை. தோளில. ஒரு மாசம் கை தூக்க ஏலாமக் கிடந்தவன். வாயில அடிக்கேல்ல. பொம்பிளை வீட்டுக்காரர் பல்லெங்க எண்டு கேக்கேக்க அவன்தான் அப்பிடிச் சொன்னவன். நாங்களும் ஓம் எண்டிட்டம்.”

“ஏன் மாமி?”

“அடிபட்டுப் போன பல்லுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம். பாவம் எண்டுவினம். முளைக்காத பல்லெண்டா வேற கதை. வம்சத்தில பிழை, பிள்ளையளுக்கு என்ன வருமோ எண்டுவினம். என்னைப் பாக்க வந்த ரெண்டு பேர் என்ர வாயைப் பாத்திட்டு எழும்பிப் போனவை. அவன் அதைப் பாத்தவன்.”

மாமி மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார். செதில்கள் என் காலில் தெறித்தன. எனக்கு அழுகை வரவில்லை. வந்தது எரிச்சல். தோளில் விழுந்த உண்மையான அடியை வாய்க்கு ஏற்றிவிட்டீர்கள். எங்களுக்கு எத்தனை அநியாயம் நடந்தது, எத்தனை பேர் வாயைத் திறந்து சொல்ல முடியாமல் கிடக்கிறார்கள். நான் போய் நடக்காத ஒன்றைச் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறேன். உங்கள் தோளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஏனென்றால் அதைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லவேயில்லை.

அதைவிட வேறொன்று என்னைக் குடைந்தது. உங்கள் பால்பற்கள் இருபத்தைந்து வயதுவரை நின்றன. பிடுங்காமல் விட்டால் அவை நிற்கும் என்று இந்த ஊரிலேயே தன் வாயால் அறிந்த ஒரே மனிதர் நீங்கள். நீங்கள்தான் என்னுடையதைப் பிடுங்கினீர்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தார். மாமி சொன்னதைச் சொன்னதும் கை நின்றது.

“கொம்மாமிக்கு வாயில ஒண்டும் நிக்காது.”

“ஓம், பல்லும் நிக்கேல்லத்தானே. உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ?”

“கலியாணம் முடிஞ்ச கையோட சொல்லிப்போட்டார். எனக்கு அது பெரிய விசயமாத் தெரியேல்ல.”

“பிறகேன் எனக்குச் சொல்லேல்ல?”

“சொல்லி? ரெண்டு குமரை வைச்சுக்கொண்டு ஊரெல்லாம் பறையடிக்கச் சொல்லுறியோ?”

“என்ர பல்லை இழுக்கேக்க உங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்.”

அம்மா தண்ணீரை ஊற்றினார். “உனக்கு வருமெண்டுதான் நினைச்சம். எல்லாருக்கும் அப்பிடியே வருமே? அவர் கோயிலுக்கு நேர்த்தியும் வைச்சவர். உன்ர ரெண்டாவது பல்லுக்குப் பிறகு அவர் ஒருத்தற்ற பல்லையும் தொடேல்ல. கை நடுங்குது எண்டு பிள்ளையளைத் திருப்பி அனுப்பினவர். உனக்கு ஞாபகமில்லையோ?”

ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன். அப்போது உங்களுக்கு நாற்பத்துமூன்று வயது. இஞ்சினின் மிகச் சின்ன ஆணியைக்கூட அதே கைகளால் பூட்டிக்கொண்டிருந்தீர்கள்.

“அபியின்ர பல்லைப் புடுங்கக் கூடாது” என்றேன். அம்மா தலையாட்டினார். அது ஓம் என்று நினைத்துவிட்டேன். அம்மா பெரியம்மாவுக்கும் அப்படியே தலையாட்டியிருக்கிறார்.

மாமி சொன்னதை அபிக்கும் சொல்லியிருந்தேன். போன புதன்கிழமை வேலையில் இருந்தபோது அபியிடமிருந்து செய்தி வந்தது. “அக்கா, பெரியம்மா என்னைப் பல்லுக்குக் கூட்டிக்கொண்டு போறா. ஓடி வாங்கோ.” கையில் இருந்த விரிப்பைப் போட்டுவிட்டு முச்சக்கரவண்டியில் ஏறினேன். மேற்பார்வையாளர் பின்னால் நின்று கத்தினார். நகரத்துக்குள் இருக்கிற ஒரு தனியார் பல் வைத்திய நிலையம். உள்ளே போனபோது காத்திருக்கிற ஆட்களால் அறை நிரம்பியிருந்தது. எங்கள் ஒழுங்கைக் கடைக்கார அக்காவும் தாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தார். நடுவில் அபி நின்றாள்.

“நான் வாயைத் துறக்க மாட்டன்.”

“கத்தாதையடி, ஆக்கள் பாக்கினம்” என்றார் பெரியம்மா. “ஒரு ஊசி, ஒரு இழுவை. உன்ர நல்லதுக்குத்தானே?”

“பாக்கட்டும்! இந்தப் பல்லுக்கு மேல பல்லே இல்லை. படத்தில பாத்தனான். அக்காவுக்கும் இல்லை. அப்பாவுக்கும் முளைக்கவேயில்லை. ஆமி அடிச்சதெண்டது பொய்!”

இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தொலைக்காட்சியில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். கடைக்கார அக்கா தாடையிலிருந்து கையை எடுத்தார்.

“என்ன பிள்ளை, உன்ர அப்பாவுக்கு ஆமி அடிச்சதில்லையோ?”

நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கு வெட்கம் வந்தது. ஊரைத் திட்டுகிற நான், பெரியம்மாவைத் திட்டுகிற நான், அந்த ஒரு கணம் அபியின் வாயைப் பொத்த ஓடினேன். பொத்தவில்லை. ஆனால் கை அதற்காகத்தான் நீண்டது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மறைக்கிறதில் எங்கள் வீட்டில் போதிய ஆட்கள் இருக்கிறார்கள்.

சத்தம் கேட்டு வைத்தியர் வெளியே வந்தார். தொலைபேசியில் எடுத்து வைத்திருந்த எக்ஸ்ரேயைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இதை ஏன் அம்மா புடுங்கக் கேக்கிறியள்? நான் தொட மாட்டன்” என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு அந்த ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. உங்கள் கொட்டிலில் வேலை செய்கிறவர்கள், “அண்ணை நல்ல கதைகாரன்தான்” என்று சிரித்தார்களாம். சிலர் பாவம் என்றார்கள். உங்களுக்கு நடந்த உண்மையான அடியையும் இனி ஒருவரும் நம்பப்போவதில்லை. மூதூர்ப் பக்கத்திலிருந்து எனக்குக் கலியாணத்துக்கு ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். தரகர் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, “கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்” என்றார். அம்மா என்னோடு கதைப்பதில்லை. சோற்றை மட்டும் போட்டு வைக்கிறார்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு தாய் பின்பக்கத்தால் வந்தார். யாரென்று எழுத மாட்டேன். தன் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது, கீழ்க் கடைவாயில் இரண்டு பால்பற்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன, பிடுங்குவதா விடுவதா என்று கேட்டார். எந்தக் கிழமையில் எந்த டொக்டரிடம் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கடதாசித் துண்டை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, “நான் வந்து கேட்டனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, பிள்ளை” என்றார். எனக்குச் சுவரில் தலையை மோதலாம் போல் இருந்தது. ஒரே ஒழுங்கையில் இத்தனை வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கிறோம். ஒரு பாத்திரம் பால் கடன் கேட்க முன்வாசலால் வருகிறவர்கள், பல்லைப் பற்றிக் கேட்கப் பின்வாசலால் வருகிறார்கள்.

உங்களை மட்டும் குற்றம் சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். ஏலாமல் இருக்கிறது. மாமியின் வாயைப் பார்த்துவிட்டு எழும்பிப் போன அந்த இரண்டு பேரை என்ன செய்வது? சிரிப்பில்லாதவளைப் பின்பக்கம் அனுப்பிய முகாமையாளரை? பல் என்றால் அழகுக்கு, அழகென்றால் பணக்காரருக்கு என்று நினைக்கிற நாட்டை? ஆனால் அவர்கள் யாரும் என் வாயில் நூல் கட்டவில்லை. நீங்கள்தான் கட்டினீர்கள். நான் உங்களிடம் வாயைத் திறந்து கொடுத்தேன்.

அடுத்த மாதம் சாமத்திய வீடு நடக்கும். அம்மா கடைசியாகச் சொன்னது, “அவள் சிரிக்காம நிண்டாப் போதும்.” அபி சொன்னது, “நான் சிரிப்பன். முப்பத்திரண்டு இல்லாட்டி முப்பதைக் காட்டிச் சிரிப்பன்.” அவளுக்கு எல்லாம் விளையாட்டு. பிறகு என்னிடம் தனியாக வந்து, “அக்கா, உண்மையா நிக்குமோ இது?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். டொக்டருக்கும் தெரியாது என்றேன். அவளிடம் பொய் சொல்லக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். அவளுடைய அந்த இரண்டு பற்களையும் அவை தாங்களாகப் போகிற நாள்வரை யாரும் தொட விட மாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நானே நிற்பேன். எனக்கு இந்த வேலை போனாலும் நிற்பேன். அவளைப் பார்க்க வருகிறவர்களுக்கும், என்னைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் மிஞ்சியிருந்தால் அவர்களுக்கும், தேத்தண்ணி கொடுக்க முதலே சொல்லிவிடுவேன். முளைக்கவில்லை, அப்பாவுக்கும் முளைக்கவில்லை என்று. எழும்பிப் போகிறவர்கள் போகட்டும்.

ஆனால் நீங்களும் எனக்கு ஒன்று தர வேண்டும். நீங்கள் நல்ல அப்பா என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கும் அது தெரியும், அதைக் கேட்கவில்லை. அம்மா சொல்கிற நேர்த்தியையும் நடுங்கிய கையையும் வைத்து நானே ஒரு பதிலைச் செய்துகொள்ள விரும்பவில்லை. உங்கள் வாயால் வேண்டும். அன்று என் பல்லைப் பிடுங்கும்போது, அதற்கு மேலே ஒன்றுமில்லை என்று உங்களுக்குத் தெரியுமா? ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை.

சொல்லுங்கள், அப்பா.

உங்கள் மூத்த மகள்